உட்கார்ந்தபடி நிச்சயமான மாப்பிள்ளையும் வளர்ந்துகொண்டே போன சட்டையும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது உட்கார்ந்த நிலையில். இதை இத்தனை வருஷமாக நானாக வெளியே சொன்னதில்லை. (சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் பத்து நிமிஷத்தில் யாராவது சுவரைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சுவர் கதைக்குத்தான் வருகிறேன்.)

முதலில் என் உடம்பைப் பற்றி. எழுபதுகளின் தொடக்கம், எனக்கு வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலமும் பெரும்பாலும் தலைமுடி. அகலத்தில் மட்டும் கடவுள் கணக்குப் பார்க்காமல் கொடுத்திருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். நாங்கள் தைக்கிற தொண்ணூற்றைந்து சைஸ் பனியன் என் மார்புக்குக் கச்சிதமாக இருக்கும், ஆனால் கீழே தொடையைத் தொடும். எண்பது சைஸ் எடுத்தால் நீளம் சரியாக இருக்கும், தோளைத் தாண்டி இறங்காது. ஊர் உலகத்துக்கெல்லாம் பனியன் அனுப்புகிற கம்பெனியில் எனக்கென்று ஒரு சைஸ் கிடையாது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. என் குட்டையெல்லாம் காலில்தான். இடுப்புக்கு மேலே நான் நல்ல வளர்த்தியான ஆள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், பார்க்கிறவர்கள் ஐந்தடி எட்டு அங்குலம் என்று சத்தியமே செய்வார்கள். இதைக் கண்டுபிடித்தவள் என் அக்கா ராசாத்தி. அதற்குள் மூன்று இடத்தில் பெண் பார்த்து, மூன்று இடத்திலும் "பையன் தங்கமான பையனுங்க, ஆனா..." என்று இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலாவது இடம் அனுப்பர்பாளையம். பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவரின் ஒரே மகள். பெயர் கமலவேணி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிளம்புவதற்கு முன் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"இந்தா பாரு தம்பி. போனதும் நேராச் சேர்ல போய் உக்காந்துக்கோ. புள்ளை வந்துட்டுப் போறவரைக்கும் எந்திரிக்கப்படாது. ஊடே இடிஞ்சு உழுந்தாலுஞ் சரி."

"கால் மரத்துப் போச்சுன்னா?"

"மரத்துப் போன கால யாரு பாக்கப் போறா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் நீ ஓடு, ஆடு, என்னமோ பண்ணு."

அப்படியே செய்தேன். பெண் தலையைக் குனிந்து, முதுகையும் குனிந்து, காபித் தட்டோடு வந்தாள். கொடுத்தாள். உடனே அவள் அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நான் பார்த்ததெல்லாம் வகிடும், ஒரே ஒரு முறை நிமிர்ந்த கண்ணும்தான். அந்த ஒரு முறைக்கே நான் காலி! அவள் உள்ளே போகும் வரை அசையவில்லை. அவளுக்குச் சம்மதம் என்றார்கள், எனக்குச் சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் நான் நின்றதையும் நடந்ததையும் பார்த்தவர்கள்தான். என் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். (அந்தப் பெருந்தன்மைக்குக் காரணம் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.)

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மூச்சு வாங்க வந்தாள்.

"தம்பி, அம்முணி கமலவேணி உன்னயப் பாக்கோணுமாம். ஒருதரம் நேருல பேசோணும்னு அவங்கப்பன்கிட்டச் சொல்லிருக்குது. ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. நீ மட்டும் போனாப் போதுமாம்."

"வேட்டி கட்டிட்டுப் போயி உக்காந்துக்கறேன்."

"வேட்டி கீட்டியெல்லாம் வேண்டாமாம். விசேஷமாட்ட வர வேண்டாம், எப்பவும் போல சாதாரணமா வரட்டும்னு சொல்லுச்சாம்."

சாதாரணமாகப் போனால் நான் சாதாரணமாகத் தெரிந்துவிடுவேனே! ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தே இருக்க முடியுமா? கை கழுவ எழ வேண்டும், இலைக்குப் போக எழ வேண்டும். அவள் பார்க்கப் போகிறாள். பார்த்துவிட்டு 'இந்த ஆள் எனக்கு வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாற்றிய வெற்றிலை திரும்பி வந்துவிடும். மற்ற மூன்று இடமும் போனபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இடம் போனால் தாங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது என்னிடம் இருந்த துணிமணியைச் சொல்கிறேன். கம்பெனிக்குப் போட வெள்ளைச் சட்டை நாலு. விசேஷத்துக்கு அக்கா வாங்கித் தந்த பெரிய கட்டம் போட்ட சட்டை ஒன்று. அதைப் போட்டால் கட்டிலில் சுருட்டி வைத்த மெத்தை நடந்து வருவது போல இருக்கும். வீட்டில் கட்ட லுங்கி. இவ்வளவுதான் என் அலங்காரம். இதில் எதைப் போட்டுக்கொண்டு ஒரு டீச்சர் முன்னால் போய் நிற்பது?

அந்த நேரத்தில்தான் சலூனில் முடிவெட்டக் காத்திருக்கும்போது ஒரு பழைய பத்திரிகை கையில் கிடைத்தது. நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை: 'குட்டையான, பருத்த உடல்வாகு கொண்ட ஆண்கள் எப்படி உடுத்த வேண்டும்?' சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! அதில் மூன்று விதிகள்.

ஒன்று, நெடுக்குக் கோடு போட்ட சட்டை ஆளை உயரமாகக் காட்டும். குறுக்குக் கோடு கூடவே கூடாது. இரண்டு, செருப்பின் குதிகால் உயரமாக இருக்கட்டும்; கால்சட்டை அதை மறைக்கட்டும். மூன்று, சட்டை இடுப்புக்குக் கீழே நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவே கூடாது. இறங்கினால் கால்கள் இன்னும் குட்டையாகத் தோன்றும்.

சலூன்காரர் கத்திரி எடுக்கத் திரும்பிய நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். (இருபத்தாறு வயதில் நான் செய்த ஒரே திருட்டு. தண்டனையும் கிடைத்தது.)

இரண்டாவது விதி சுலபமாக முடிந்தது. அப்போது பெல்பாட்டம் வந்த புதிது. கீழே ஒரு முழம் அகலம் வைத்து வெள்ளையில் ஒன்று தைத்தேன். செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி ஷூவுக்கு இரண்டு அங்குலம் குதிகால் ஏற்றினேன். பெல்பாட்டம் அதை மூடிக்கொண்டது. பாதி வெற்றி!

சட்டைதான் மிச்சம். காதர்பேட்டையில் சரக்கெடுக்க வந்த வடக்கத்தி வியாபாரி ஒருவர் உடம்போடு ஒட்டின பனியன் துணிச் சட்டை போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். கலர் சட்டை, கழுத்தில் பட்டி, மார்பில் ஒரு பை. ஆள் என்ன மிடுக்கு! பனியன் என்றால் உள்ளே போடுவது, வெள்ளையாக இருப்பது என்றுதான் எங்கள் ஊரில் அப்போது எல்லோரும் நினைத்திருந்தோம். எனக்கு ஒரேயடியாக உற்சாகம் வந்துவிட்டது. கையில் மிஷினை வைத்துக்கொண்டு நான் ஏன் கடைக்குப் போக வேண்டும்? முதலாளியிடம் "கலர் சாம்பிள் ஒண்ணு ஓட்டிப் பாக்கறேனுங்க" என்று கேட்டேன். அவரும் சரி என்றார். நூலுக்கு நீலச் சாயம் போட்டு வாங்கி, வெள்ளையும் நீலமுமாக மிஷினில் ஏற்றினேன்.

துணி இறங்கியது. கோடு குறுக்கே இருந்தது.

இருக்கத்தானே செய்யும்! பனியன் மிஷின் வட்டமானது. நூல் சுற்றிச் சுற்றி ஓடித்தான் துணி குழாயாக இறங்கும். நீல நூலைக் கோத்தால் நீலம் வளையம் வளையமாகத்தான் விழும். ஆறு வருஷம் அந்த மிஷின் பக்கத்திலேயே நின்றவன் நான். ஆனால் ஆசை வந்தவனுக்கு அறிவு எங்கே வேலை செய்கிறது?

குறுக்குக் கோடு கூடவே கூடாது என்று விதி சொல்கிறது. யோசித்தேன். பளிச்சென்று ஒரு யோசனை! துணியைப் பிரித்து, பக்கவாட்டில் திருப்பிப் போட்டு வெட்டினால் குறுக்குக் கோடு நெடுக்குக் கோடாகிவிடாதா? இத்தனை வருஷமாக இந்த ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணியை எடுத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனிடம் போனேன்.

"அண்ணா, இதத் திருப்பிப் போட்டு வெட்டிக் குடுங்க."

சென்னியப்பன் வாயில் இருந்த சோற்றை மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெய்லர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, நீங்களா சொல்றீங்க?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முந்தின வாரம்தான், ஒரு புது ஆள் அவசரத்தில் துணியைப் பக்கவாட்டில் போட்டு வெட்டிவிட்டான் என்று இரண்டு டஜன் பனியனைத் தூக்கி எறிந்திருந்தேன். எறிந்ததோடு விடாமல், எல்லோரையும் நிற்கவைத்து அரைமணி நேரம் பிரசங்கம் வேறு. 'பனியன் துணி குறுக்கேதான் இழுபடும். அந்தக் குறுக்கு உடம்பைச் சுற்றி வரவேண்டும். அதைக் கொண்டுபோய் மேலிருந்து கீழே தொங்கவிட்டால், போட்டவன் கதி என்ன ஆகும்? யோசிக்க வேண்டாமா?' என்று கத்தியிருந்தேன்.

"அது ஊரான் போடறதுங்கண்ணா. இது நான் போடறது" என்றேன்.

"தம்பி, இது ரிப் துணி. குறுக்கால இழுத்தா ரப்பராட்ட வரும். சாயம் புதுசு, இன்னும் தண்ணியே காட்டல..."

"ஒரு மத்தியானந்தானுங்கண்ணா. அதுக்குள்ள எவ்வளவு தொங்கிரப் போகுது?"

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்னை மறக்கவும் விட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அடடா! நீலக் கோடுகள் தோளில் கிளம்பி இடுப்புவரை விறுவிறுவென்று இறங்கின. சட்டையின் விளிம்பு இடுப்புக்குக் கீழே அச்சாக நாலு விரற்கடை. வயிற்றைக் கொஞ்சம் பிடித்தது, கழுத்தையும் பிடித்தது, மூச்சைப் பாதிதான் விட முடிந்தது. அதனால் என்ன? கண்ணாடிக்குள் ஒரு உயரமான ஆள் நின்றான். அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தலைக்குத் தேங்காயெண்ணெயைத் தாராளமாக வைத்து அழுத்தி வாரினேன். பத்திரிகைப் பக்கத்தை மார்புப் பையில் வைத்துக்கொண்டேன். கூடவே பர்ஸ், சீப்பு, அவளுக்குக் கொடுக்க ஒரு பேனா, வீட்டுச் சாவிக்கொத்து. (எங்கள் வீட்டுச் சாவி ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.)

டவுன் பஸ் ஏறினேன். கூட்டம். உட்கார இடமில்லை. வழக்கமாகப் பக்கத்து ஆளின் தோளையோ சீட்டின் முதுகையோ பிடித்துத்தான் நிற்பேன். அன்றைக்குக் கையைத் தூக்கினால், மேலே இருக்கிற கம்பி கைக்கு வந்தது! இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை பஸ் கம்பியைப் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் இறங்கும்வரை விடவே இல்லை. சித்திரை வெயில். கூட்டத்தில் சட்டை நனைந்து சொட்டியது. கை மேலேயே இருந்ததால் கீழே நடந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

அனுப்பர்பாளையத்தில் இறங்கிக் கையைக் கீழே போட்டேன். சட்டையும் கூடவே இறங்கியது. நாலு விரற்கடை இப்போது ஒரு சாண். முதலில் நான்தான் சுருங்கிவிட்டேனோ என்று பயந்தேன். சாவிக்கொத்து வைத்த பை மார்பிலிருந்து வயிற்றுக்கு வந்திருந்தது. பெல்பாட்டத்துக்குள் சொருகிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி டியூப் மாட்டினது போல வீங்கியது. வெளியே எடுத்துவிட்டு, மூன்றாவது விதியை மனசில் சொல்லிக்கொண்டு, வேகமாக நடந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்றிரண்டு பட்டறையில் பித்தளையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. என் நெஞ்சும் அதே தாளத்தில் அடித்தது.

"வாங்க மாப்ள, வாங்க வாங்க!" என்று மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். உற்சாகமாகப் படியில் கால் வைத்தேன். அங்கேதான் உறைத்தது.

செருப்பைக் கழற்ற வேண்டும்!

இத்தனை நாளாக யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. எந்த வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு போகிறோம்? அந்தப் பத்திரிகைக்காரருக்கு வீடு வாசல் இல்லையா? கழற்றினேன். இரண்டு அங்குலம் வாசலிலேயே போய்விட்டது. உயரத்தை நம்பித் தைத்த பெல்பாட்டம் தரையில் விழுந்து பாதத்தை மூடியது. நான் நடக்க நடக்க அது வீட்டைப் பெருக்கிக்கொண்டே வந்தது.

சரி, உடனே உட்கார்ந்துவிடலாம் என்று நாற்காலியைத் தேடினேன். ஒன்றும் காணோம். உறவுக்காரர்கள் நிறைய வருவார்கள் என்று கூடத்தைக் காலி செய்து, கல்யாணத்துக்காக முந்தின வாரம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். நாற்காலியெல்லாம் பின்பக்கம் வெயிலில் கிடந்தன.

"வேணி, மாப்ள வந்தாச்சு கண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்தார் மாமனார். "மாப்ள, சித்த இருங்க, இலை அறுத்துட்டு வந்தர்றேன். வேணியோட அம்மாளும் சமையக்கட்டுல கைவேலையா இருக்கறா" என்று சொல்லிக்கொண்டே, அங்கே இருந்த ஒரு சொம்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். அவர் பட்டறையில் அடித்த சொம்பு. சொம்பு என்றா சொன்னேன்? குடம். பளபளவென்று விளிம்புவரை தண்ணீர்.

வாய் வைத்துக் குடிக்க முடியுமா? பெண் வீடு. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். அண்ணாந்தேன். அதாவது, அண்ணாந்து குடிக்க முயன்றேன். திருப்பி வெட்டிய துணி கழுத்தைச் சுற்றி ஒரு நூல்கூட இழுபடவில்லை. தலை பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. சொம்பில் இருந்தது அத்தனையும் தாடை வழியாக, கழுத்து வழியாக, முன்னும் பின்னுமாகச் சட்டைக்குள் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் குடித்த சட்டை மெதுவாக, அவசரமில்லாமல், இறங்க ஆரம்பித்தது. தொடை. சாவிக்கொத்து இன்னும் கொஞ்சம் இழுத்தது. தொடையின் கீழ்ப்பாதி. வயிற்றில் மட்டும் இன்னும் இறுகியது. எனக்குச் 'சட்டென்று நின்றுவிடு' என்று அதட்ட வேண்டும் போல இருந்தது. கையால் அள்ளிப் பிடித்தேன். விட்டால் முன்னைவிட நீளம். கடைசியில் முழங்காலுக்கு வந்துதான் மூச்சு விட்டது. இப்போது நான் கவுன் போட்ட ஆளாக நின்றேன்.

உள்ளிருந்து கொலுசுச் சத்தம் வந்தது. வேறு வழியில்லை. சட்டையின் பின்பக்கத்தையாவது மறைப்போம் என்று சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டேன். குதிகாலையும் தலையையும் சுவரில் அழுத்தி, என்னால் முடிந்த உயரம் நின்றேன்.

கமலவேணி வந்தாள். குனிந்து வரவில்லை. நிமிர்ந்து வந்தாள். வந்தாள், வந்துகொண்டே இருந்தாள், கிட்டே வரவர உயர்ந்துகொண்டே போனாள். எதிரே வந்து நின்றபோது என் கண்ணுக்கு நேரே அவள் கழுத்துச் சங்கிலி இருந்தது. நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. (அண்ணாந்துதான் பார்க்க முடியவில்லையே! கண்ணை மட்டும் உருட்டி மேலே பார்த்தேன்.)

அவள் என்னை முழுசாகப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலப் பேசினாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு நான் குனிஞ்சுதானுங்க வந்தேன். அம்மா அப்படி வரச் சொன்னாங்க. ரெண்டு எடத்துல 'புள்ளை பனைமரமாட்ட இருக்குது'ன்னு சொல்லிப் போட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியாம மறைச்சுக் கழுத்த நீட்டறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அதுக்குத்தான் வரச் சொன்னேன். இப்ப நேரா நிக்கறேன், நல்லாப் பாத்துக்குங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, நான் அப்பாகிட்டச் சொல்லிக்கறேன்."

இத்தனை நாளாக நான் பயந்த பயத்தை அப்படியே அவளும் பயந்திருக்கிறாள். நான் அதை மறைக்கச் சட்டை தைத்தேன், அவள் அதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டாள். வெட்கமாக இருந்தது.

"நானும் அன்னிக்கு உக்காந்துதானுங்க இருந்தேன்" என்றேன். "அக்கா எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுச்சு."

அப்போதுதான் அவள் என்னை முழுசாகப் பார்த்தாள். தலையில் ஆரம்பித்தாள். கோடு வழியாகக் கண் இறங்கியது, இறங்கியது, முழங்காலில் வந்து நின்றது. அங்கிருந்து தரையில் கிடந்த பெல்பாட்டத்துக்குப் போனது. வயிற்றுக்குக் கீழே தொங்கிய பையில் ஈரக் காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்னமோ நனைஞ்சு போச்சுங்க பாருங்க, லெட்டருங்களா?" என்று அக்கறையாக எடுத்துப் பிரித்தாள். டீச்சர் அல்லவா, சத்தமாகவே படித்தாள். "குட்டையான, பருத்த உடல்வாகு கொண்ட..." நிறுத்தினாள். மனசுக்குள் படித்தாள். மூன்றாவது விதிக்கு வரும்போது மட்டும் மறுபடி குரல் வந்தது. "நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவே கூடாது."

காகிதத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணில் நீர் வழிய, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சட்டை சிரிக்க இடம் கொடுக்கவில்லை.

"அப்ப... வேண்டாம்னு சொல்லீருவீங்களா?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் எழுந்தாள். "சட்டைய வேண்டாம்னு சொல்றேனுங்க" என்றாள். "உங்களச் சொல்லலீங்க."

அந்த நிமிஷம் நான் ஐந்தடி எட்டு அங்குலம். சந்தேகமே வேண்டாம். துள்ளிச் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தேன். அவள் கண் என் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. மறுபடியும் வாயைப் பொத்தினாள்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்ற சுவரில் நான் நின்றுகொண்டிருந்தேன். மேலே வட்டமாகத் தேங்காயெண்ணெய்க் கறை. அதற்குக் கீழே தோள் அகலத்துக்கு நீலக் கோடுகள், ஒன்று விடாமல், முழங்கால்வரை. புதுச் சாயம், முதல் தண்ணீர்! இலையோடு உள்ளே வந்த மாமனார் அப்படியே நின்றார். பின்னாலேயே வந்த மாமியார், "ஐயோ சாமி, வெள்ளையடிச்சு எட்டு நாளுகூட ஆகுலையே!" என்றார். மாமனார் கிட்டே போய், பட்டறைக்காரர் கண்ணால் மேலும் கீழும் அளந்து பார்த்தார். எண்ணெய் வட்டத்தைத் தொட்டார். "இது மாப்ள." முழங்கால் விளிம்பைத் தொட்டார். "இது மாப்ளயோட சட்டை." பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார், மாமியாரும் சிரித்துவிட்டார்.

மாமனாரின் வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னடா ஆச்சு? போட்டுட்டுப் போன சட்டை எங்கடா?"

"அங்க கொடியில காயுதுக்கா. இன்னும் எறங்கிட்டுத்தான் இருக்குது" என்றேன்.

விஷயம் எப்படியோ கம்பெனிக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு துணியைப் பக்கவாட்டில் போட்டு யார் வெட்டினாலும் சென்னியப்பன் கத்துவதை நிறுத்திவிட்டார். பீஸைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம சூப்பர்வைசர் கட்டிங்" என்று மட்டும் சொல்லுவார். அந்த ஆள் ஜென்மத்துக்கும் மறுபடி அந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

கல்யாணத்துக்கு முன் அந்தச் சுவரில் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். காய்ந்ததும் நீலம் மெதுவாக மேலே வந்து எட்டிப் பார்த்தது. வாசலில் மாலையோடு போட்டோ எடுத்தவர், "மாப்ள இங்க நில்லுங்க" என்று உள்ளே கூப்பிட்டு நிறுத்தியது அந்தச் சுவர் முன்னால்தான். கமலவேணி ஒரே மகள் என்பதால் பின்னால் அந்த வீட்டுக்கே குடிவந்தோம். வந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, "அந்த எடத்த மட்டும் உட்டுருங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். இன்றுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுகிறாள். எண்ணெய் வட்டத்துக்குப் பக்கத்தில், அரையடி மேலே, கரித்துண்டால் அவள் உயரத்துக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

எங்கள் மகளும் மகனும் அந்தச் சுவரில்தான் வளர்ந்தார்கள். பிடித்துக்கொண்டு நிற்கிற வயசில் சட்டை விளிம்பைத் தொட வேண்டும். பள்ளிக்கூடம் சேரும்போது பாதிக் கோடு. பன்னிரண்டு வயதுக்குள் என்னைத் தாண்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அம்மாவை நோக்கிப் பயணம். இரண்டு பேரும் தாண்டினார்கள். தாண்டின அன்றைக்கு வீட்டில் பாயாசம். அப்பாவைத் தாண்டியதற்குப் பாயாசம் வைக்கிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான்.

போன மாதம் பேத்தியின் முறை. பதினோரு வயசு. சுவரில் ஒட்டி நின்று, தலைமேல் சிலேட்டை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, உன்னயத் தாண்டிட்டேன்!" என்று குதித்தாள். விடுவேனா? "அதெல்லாம் செல்லாது, நானும் நிக்கறேன், சேர்த்து அளங்க" என்று எழுந்துபோய், அன்றைக்கு நின்றது போலவே குதிகாலையும் தலையையும் அழுத்தி நின்றேன். கமலவேணி சிலேட்டை என் தலையில் வைத்துப் பார்த்தாள். எண்ணெய் வட்டம் சிலேட்டுக்கு மேலே அரை அங்குலம் தெரிந்தது.

"சட்டை வளந்துச்சு. நீங்க கொறஞ்சுட்டீங்க" என்றாள்.

"அப்படி நிக்க வெச்சுப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பேத்தியிடம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போடச் சொன்னேன்.